தேவகுமாரியும் பன்னிரண்டு பேட்டரித் துப்பாக்கிகளும்

நான் பன்னிரண்டு துப்பாக்கி வாங்கி வந்தபோது என் மனைவி ஜெயா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

என் பெயர் அருள்தாஸ். இருபத்திரண்டு வருடம் கொடைக்கானலில் ஜீப் ஓட்டியவன். முன்கோபி என்று ஸ்டாண்டில் ஒரு பெயர் உண்டு, நான் மறுப்பதில்லை. 2007-ல் ஜீப்பை விற்றுவிட்டு, வில்பட்டி போகிற வழியில் ஒரு பழைய பேரிக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். கம்பெனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மலைக்கு வர ஆரம்பித்திருந்த காலம். வந்தவர்கள் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விடுவார்கள், குதிரை ஏறுவார்கள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டல் அறையில் சீட்டாடுவார்கள். அவர்களுக்காக ஒரு விளையாட்டு மைதானம் போட்டேன். இரண்டு கட்சியாகப் பிரிந்து, மரத்துக்கு மரம் ஒளிந்து, பிளாஸ்டிக் குண்டால் ஒருவரை ஒருவர் சுடுகிற விளையாட்டு. ஏர்சாஃப்ட் என்று பெயர். பெங்களூரில் இதே விளையாட்டை நடத்தி மூடிவிட்ட ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளையும் முகக்கவசங்களையும் மொத்தமாக வாங்கினேன்.

பார்வைக்குத்தான் பயங்கரம். சுடுவது மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் உருண்டை. பட்டால் கட்டெறும்பு கடித்தாற்போல் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். விசாரிக்க வந்த ஏட்டையா தன் பூட்ஸ் மேலேயே ஒரு முறை சுடச் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, முனையில் ஆரஞ்சு பெயிண்ட் அடித்து வைக்கச் சொல்லிப் போனார்.

அதன் வயிற்றுக்குள் இருப்பது ஒரு பேட்டரி, ஒரு குட்டி மோட்டார், மூன்று பற்சக்கரம், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். டிரிக்கரை அழுத்தினால் மோட்டார் சுற்றும். பற்சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விட்டுவிடும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது, சைக்கிள் பம்பிலிருந்து வருவதுபோல் காற்று வந்து குண்டைத் துப்பும். அழுத்தியபடியே பிடித்திருந்தால் இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும்.

பெங்களூரில் நடந்தது. எங்கள் டிசம்பர் குளிரில் நடக்கவில்லை. டிரிக்கரை அழுத்தி, மனசுக்குள் "ஏசுவே" என்று சொல்லி முடித்த பிறகுதான் குண்டு வரும். அதற்குள் எதிராளி அடுத்த மரத்துக்குப் போய், குனிந்து ஷூ லேஸைக்கூடக் கட்டிவிடுவான். "அண்ணா, இது துப்பாக்கியா, மாட்டு வண்டியா?" என்று திருப்பூர்ப் பையன் ஒருவன் கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நிஜமாகவே சுட்டிருப்பேன், சுட்டிருந்தாலும் அவன் தப்பித்திருப்பான்.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜீப் ஓட்டியவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். வண்டி ஏறவில்லை என்றால் என்ன செய்வோம்? மிதிப்போம். துப்பாக்கியின் எட்டு வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய பன்னிரண்டு வோல்ட் ஜீப் பேட்டரியில் கோத்தேன். சரசரவென்று சுட்டது பாருங்கள், தையல் மிஷின் தோற்றது! ஜெயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நின்ற நேரம் உள்ளே "நறுக்" என்று ஒரு சத்தம். பிஸ்டனின் பற்கள் பொடிப்பொடியாகக் கீழே கொட்டின.

"போதுமா?" என்று கேட்டுவிட்டு ஜெயா உள்ளே போனாள்.

அப்புறம்தான் புத்தி வந்து தேவகுமாரியிடம் போனேன்.

நாயுடுபுரத்தில் ஒரு ஓட்டலின் பின்பக்கச் சுவரை ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேதான் தேவகுமாரி மோட்டார் வைண்டிங் செய்துகொண்டிருந்தார். மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார், ஜீப்பைக் கிளப்புகிற செல்ஃப், டைனமோ என்று மலையில் சுற்றுகிற எதுவானாலும் ஒரு நாள் அவர் பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான ஆள். சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார். அவர் உபயோகிக்கிற ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றிலும் பல் தடம் இருக்கும்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். ஒன்பது வயதில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு அனுப்பப்பட்ட குடும்பம். பத்தொன்பது வயதில் பழனிச்சாமி என்பவரின் வைண்டிங் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய செம்புக் கம்பியை உருவி எடுப்பதும் அவர் வேலை. எல்லாரும் பிய்த்துப் போடுவார்கள். இவர் ஒவ்வொரு சுற்றாக எண்ணி உருவி, எந்தக் கம்பி எந்தப் பள்ளத்தில் போனது என்று சிமெண்ட் மூட்டைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டால், "சும்மா உருவினா தூக்கம் வருதுண்ணே" என்பார். ஒரு வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போன அந்தக் கடை வைண்டிங்காரர் மூன்று வாரம் திரும்பவில்லை. கடையில் ஐந்து மோட்டார்கள் காத்துக் கிடந்தன. வைண்டிங்காரர் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தபோது ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மொட்டையைத் தடவியபடி வெகுநேரம் நின்றார் என்று பழனிச்சாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிற்பாடு பழனிச்சாமி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனதும், தேவகுமாரி இந்தக் கொட்டகையைப் பிடித்துத் தனியாக உட்கார்ந்தார்.

மோட்டாரைப் பிரிக்காமலே நோயைச் சொல்லிவிடுவதில்தான் அவர் பெயர் பெற்றிருந்தார். ஸ்விட்சைப் போடுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், "பேரிங்", "பிரஷ்", "ரோட்டர் உரசுது" என்று ஒரே வார்த்தையில் சொல்லுவார். ஜீப் ஸ்டாண்டில் எங்கள் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. ஜீப்பைத் தெருவில் நிறுத்தினாலே உள்ளேயிருந்து நோயின் பெயர் வரும்.

அன்று நான் ஜீப் ஸ்டாண்டு குரலில் கூப்பிட்டும் அவர் நிமிரவில்லை. பக்கத்தில் போய் பெஞ்சைத் தட்டிய பிறகுதான் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்கண்ணே" என்று இடது காதைக் காட்டினார். "வலது போன வருசமே போயிருச்சு. இதுவும் போய்க்கிட்டுக் கெடக்கு."

ஓட்டல் ஜெனரேட்டர் அவர் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். கரண்ட் போகிறபோதெல்லாம் பதினாலு வருடமாக அது அவர் மண்டைக்குள் ஓடியிருக்கிறது. ஸ்டாண்டில் இருந்த எங்களில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை. அவரிடம் வண்டியைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிற கூட்டம்தானே நாங்கள். எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

"போன வாரம் நல்லா இருந்த மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டேன்" என்றார். "சத்தம் விளங்கலை. விளங்காம கைய வைக்கிறது திருட்டுத்தனம். திங்கக்கிழமையிலேருந்து சோலைமலை தம்பி ஜீப்புல பூம்பாறைக்குப் பூண்டு அறுக்க வாறேன்னு சொல்லிட்டேன். சின்னத்தாயி அக்கா கூட்டிட்டுப் போறேன்னுச்சு."

"ஏம்மா, கிறுக்கா ஒனக்கு? இந்தச் சோலிய விட்டுட்டுப் பூண்டா அறுக்கப் போற?"

அவர் என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி டிரிக்கரை அழுத்தினார். தாமதமாக ஒரு குண்டு வந்து எதிர்ச்சுவரில் பட்டு உருண்டது. இன்னொரு முறை அழுத்தினார். முகத்தில் ஏதோ மாறியது.

"இதுதான் கடைசி. சனிக்கிழமைக்குள்ள இது சரியாச்சுன்னா எனக்கு இன்னும் வேலை தெரியும்னு அர்த்தம். இல்லைன்னா நான் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டேன்."

சனிக்கிழமை எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து நாற்பது பேர் வருவதாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நாற்பது பேரையும் மறந்துவிட்டேன். இந்தப் பொம்பளை பூண்டுக் களத்தில் உட்கார்ந்தால் இந்த மலைக்கே கேடு என்றுதான் தோன்றியது.

முதலில் என் ஜீப் பேட்டரிக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"ஓடுற வேகம் வேற, கிளம்புற வேகம் வேறண்ணே. நீங்க ஓட்டத்தைக் கூட்டிட்டீங்க. முன்னாடி போன பிஸ்டன் முழுசா வந்து சேருறதுக்குள்ள சக்கரம் அடுத்த பல்லைக் கவ்விருச்சு. அதான் பல்லு போச்சு. நமக்கு வேண்டியது கிளம்புறது. டிரிக்கர்ல வெரலு பட்டதும் குண்டு வரணும். எங்க நேரம் போகுதுன்னு பாக்கணும்."

பிரித்தார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கம்பி நூல் மாதிரி மெல்லிசு. இணைக்கிற வெள்ளை பிளக் தளர்ந்து கிடந்தது. டிரிக்கரின் செம்புத் தகடு கரிந்து கறுப்பாக இருந்தது. அழுத்துகிறபோதெல்லாம் மோட்டாருக்கு வேண்டிய அத்தனை கரண்டும் அந்தத் தகடு வழியாகத்தான் போக வேண்டும், பொறி பறந்து பறந்து அது கரியாகிவிட்டது. பற்சக்கரத்தில் பூசியிருந்த கிரீஸ் குளிரில் இறுகி மெழுகாக நின்றது. ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினார். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுவதுபோல் இருந்தது.

கம்பியை மாற்றினார். பிளக்கைத் தூக்கிப் போட்டார். பற்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயில் கொஞ்சம் கிரீஸைக் குழைத்துப் பூசினார். சக்கரங்களுக்கு இடையில் இருந்த ஆட்டத்தைப் போக்கப் பித்தளைத் தகட்டில் காகிதம் போன்ற வட்டங்களை வெட்டிப் போட்டார். ஒன்று கூடினால் சக்கரம் பிடிக்கும், ஒன்று குறைந்தால் ஆடும். விரல் நுனியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டு, அந்த ஒரு வேலைக்கே அரை நாள் ஆனது. நானாக இருந்தால் துப்பாக்கியைச் சுவரில் அடித்திருப்பேன்.

கரிந்த தகட்டுக்கு ஜீப்பின் வழியையே பிடித்தார். ஜீப்பில் சாவியைத் திருப்பினால் சாவி வழியாகவா செல்ஃபுக்குக் கரண்ட் போகிறது? சாவி ரிலேயிடம் சொல்லும், ரிலே பெரிய கரண்டை விடும். அதேபோல ஒரு ஹாரன் ரிலேயைத் துப்பாக்கியின் கட்டைக்குள் பொருத்தினார். டிரிக்கர் இனி சொன்னால் போதும், சுமக்க வேண்டாம்.

புதன்கிழமை சாயங்காலம் சுட்டுப் பார்த்தோம். அறுபது குண்டு போட்டு அழுத்திப் பிடித்து என் வாட்சில் நேரம் பார்த்தேன். முன்னால் எட்டு வினாடி. இப்போது ஐந்து. நான் துள்ளினேன்.

"அது ஓட்டம்" என்றார் தேவகுமாரி. "கிளம்புறதைப் பாக்கணும். அத வாட்சுல பாக்க முடியாது."

அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்துபோனால் பாட்டு இழுத்துக்கொண்டு பாடும் அல்லவா? நாமெல்லாம் எரிச்சல்பட்டு நிறுத்திவிடுவோம். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். கடையில் கிடந்த ரிக்கார்டரில் நல்ல பேட்டரி போட்டு, தொடாத பழைய துப்பாக்கியின் சத்தத்தையும் புதிதாகச் செய்ததன் சத்தத்தையும் அடுத்தடுத்துப் பதிய வேண்டும். பிறகு செத்துக்கொண்டிருக்கிற பேட்டரியைப் போட்டு ஓட்டினால் எல்லாம் மெதுவாக வரும். டிரிக்கரின் "டிக்"குக்கும் குண்டின் "தொப்"புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நீண்டு தனியாகத் தெரியும். எந்தக் காலேஜில் படித்த மூளை இது? நான் வீட்டுக்கு ஓடி ஜெயாவின் ஜெபக் கூட்ட கேசட் ஒன்றை எடுத்து வந்தேன். அதில் பதிந்ததற்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

கேசட்டை ஓட்டினோம். தேவகுமாரி இடது காதை ரிக்கார்டரின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். நாலு தடவை ஆனது.

"எனக்கு ஒரே இரைச்சலாத்தான் கேக்குது. நீங்க சொல்லுங்கண்ணே. எதுல இடைவெளி கம்மி?"

எனக்குக் கேட்டது. புதியதில்தான் இடைவெளி கூடுதல்போல இருந்தது. கூடுதலா, என் பிரமையா என்று ஒரு சின்னச் சந்தேகம். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

"புதுசுலதாம்மா கம்மி. பாதிதான் இருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி இரண்டு கையாலும் சாமான்களை ஒதுங்க வைக்க ஆரம்பித்தார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. ரிக்கார்டருக்குப் பின்னால் விழுந்து கிடந்த திருகாணியை எடுக்கக் குனிந்தார். பல்லில் இருந்த ஸ்க்ரூடிரைவரின் முனை ரிக்கார்டரின் உடம்பில் போய் முட்டியது.

அப்படியே நின்றுவிட்டார்.

முதுகு வளைந்தபடி, கை நீட்டியபடி, ஒரு அசைவும் இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று பயந்து நான் எழுந்தேன். கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். கேசட்டை மறுபடி ஓட்டும்படி சைகை செய்தார். ஓட்டினேன். இன்னொரு முறை. இன்னொரு முறை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து ஸ்வெட்டரில் விழுந்தது.

பிறகு ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டீங்கண்ணே."

நான் கேசட்டை நிறுத்தினேன்.

"பழசுல ரெண்டு சத்தம். டிக், தொப். புதுசுல மூணு கெடக்கு. டிக், டக், தொப். நடுவுல ஒருத்தன் நிக்கிறான். நான் வச்ச ரிலேதான் அது. பன்னெண்டு வோல்ட்டு ரிலே, எட்டு வோல்ட்டுல சோம்பிச் சோம்பி எந்திரிக்குது. இடைவெளி கூடிருச்சு."

"ஒனக்கு... எப்படிம்மா கேட்டுச்சு?"

"கேக்கலை. பல்லுல வந்துச்சு. பல்லுலேருந்து தாடை, தாடையிலேருந்து உள்ள." காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பைத் தொட்டுக் காட்டினார். "வெளிய இரைச்சலே இல்லண்ணே. முன்னாடிகூட இவ்வளவு சுத்தமா எனக்குக் கேட்டதில்லை."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குள் நுழைந்தவன்போல் நின்றேன். அவரே கடைசியில், "காது கேக்காதவகிட்ட இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதீங்க. நாங்க எதை நம்பிச் சோலி பாக்குறது?" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

மறுநாள் வெள்ளனே போனபோது ரிலே குப்பைப் பெட்டியில் கிடந்தது. பெஞ்சில், ஏதோ இன்டர்நெட் கடையிலிருந்து வந்து எரிந்து கிடந்த பழைய யுபிஎஸ் பெட்டி ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. அதிலிருந்து கறுப்பாக மூன்று கால் வைத்த சில்லுகளைப் பிடுங்கி, நல்லதைப் பொறுக்கி எடுத்திருந்தார். ஃபெட் என்பார்களாம்.

"இதுவும் ரிலே மாதிரிதாண்ணே. ஆனா இதுக்கு அசையுற உறுப்பே கெடையாது. எந்திரிக்கிறது, ஒக்காருறது ஒண்ணும் இல்லை. டிரிக்கர் சொன்னா அந்த நிமிசமே கரண்டை விட்டுரும்."

ஒரு துப்பாக்கியில் பொருத்தி, மறுபடி பதிந்து, செத்த பேட்டரியில் ஓட்டினோம். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கடித்து முனையை ரிக்கார்டரில் வைத்தார். எனக்கும் கேட்டது. அத்தனை மெதுவாக ஓடியும் "டிக்"கும் "தொப்"பும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன. தேவகுமாரி வாயில் ஸ்க்ரூடிரைவரோடு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. அறுபது குண்டு நாலு வினாடியில் போனது. அதைப் பார்க்கச் சொல்லி அவர் கேட்கக்கூட இல்லை, நானாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்றையும் முடித்தார். பன்னிரண்டாவது நான் பல்லை உடைத்தது, அது கிடக்கட்டும். ஒவ்வொன்றையும் கடைசியில் பல்லால் கேட்டார். ஒன்றில் பித்தளை வட்டம் ஒன்று கூடிவிட்டது என்று சொல்லிப் பிரித்தார். கூடித்தான் இருந்தது. குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், சுடுகிற நேரம்வரை கதகதப்பாக வைத்திருங்கள் என்றார். ஜெயாவின் இட்லி ஹாட்பாக்ஸ் அதற்குப் போனது. ஜெயா அதற்கும் ஒரு நாள் பேசவில்லை.

சனிக்கிழமை கோயம்புத்தூர்க் கூட்டம் வந்தது. தலைவியாக வந்தவர் சுசித்ரா என்கிற பெண். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டைப் பழகியவர், சொந்தத் துப்பாக்கியே வைத்திருந்தார், புதுசு. என் துப்பாக்கிகளைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார். முதல் ஆட்டத்தில் எதிரெதிர் மரங்களின் பின்னாலிருந்து அவரும், என் துப்பாக்கியை வைத்திருந்த அவர் ஆபீஸ் பையன் ஒருவனும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். குண்டு பட்டது சுசித்ராவுக்கு. அடுத்த ஆட்டத்திலும் அதேதான். மூன்றாவது ஆட்டத்துக்குத் தன் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை தரையில் சுட்டுப் பார்த்துவிட்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெஸ்பான்ஸ் சூப்பரா இருக்கே. யாருங்க இத ட்யூன் பண்ணது? ஃபாரினா?"

"ஃபாரின்தாங்க" என்றேன். "ஹட்டன்."

தேவகுமாரி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுசித்ரா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பாராட்டினார். தப்பான காதுப் பக்கம். தேவகுமாரி சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். பூண்டுக் களத்துக்குப் போகிறாரா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொய் சொன்னவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க என்ன உரிமை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பூராவும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஜெயா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நாயுடுபுரம் போனேன். சோலைமலையின் ஜீப், கொட்டகை முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் எட்டுப் பெண்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ஏலே சோலை, ஹாரனை அடி. அவளுக்குக் கேக்காது, நல்லா அடி" என்றார் சின்னத்தாயி அக்கா.

தேவகுமாரி வெளியே வந்தார். கையில் தூக்குவாளி. பூண்டு அறுக்கிற கத்தி இடுப்பில். ஜீப்பை நோக்கி நடந்தார். பானெட்டைக் கடக்கும்போது, நடந்துகொண்டிருந்தவர் சும்மா கையை அதன்மேல் வைத்தார். நின்றார். தூக்குவாளியைத் தரையில் வைத்தார். ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டு எடுத்தது ஸ்க்ரூடிரைவர். பூண்டு அறுக்கப் போகிறவர் பையில் அது எதற்கு?

பானெட்டைத் தூக்கினார். கைப்பிடியைக் கடித்து, ஓடுகிற எஞ்சினில் முனையை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வைத்தார். டைனமோவில் வைத்ததும் கண்ணை மூடினார். பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"சோலை" என்றார். "டைனமோ பேரிங் ஒடஞ்சு கெடக்கு. பூம்பாறை போய்ச் சேருவே. திரும்பி வர மாட்டே."

"அக்கா, காலையிலேருந்து ஓட்டுறேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே!"

"ஒனக்குக் காது இருக்குல்ல, அதான்."

சோலைமலை என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் எஞ்சினை நிறுத்தினான். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வேறு வண்டி பார்க்கப் போனார்கள். சின்னத்தாயி அக்கா மட்டும் திரும்பி வந்து, தேவகுமாரியின் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு, "இது ஒனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டைனமோவைக் கழற்றி மூடியைத் திறந்ததும் பேரிங் குண்டுகள் உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தன. தேவகுமாரி அவற்றைச் சோலைமலையிடம் நீட்டவில்லை. தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையிலிருந்த தூக்குவாளியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, இத உள்ள பெஞ்சுல வைங்க. மத்தியானம் இங்கதான் சாப்பிடுவேன்."

வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.